களத்துமேட்டில் நின்ற தகரம்

பம்மலில் அந்தத் தகரத்தைச் செய்து கொடுத்த பட்டறைக்காரர்தான் எங்களை முதன்முதலில் சந்தேகப்பட்டவர். மூன்று தகடுகளை ஒரு மூலையாகச் சேர்த்து வெல்டிங் வைக்க வேண்டும், இரண்டு சுவரும் தரையும் சேருகிற வீட்டு மூலை மாதிரி. ஒவ்வொரு தகடும் மற்ற இரண்டுக்கும் சரியான செங்கோணத்தில் நிற்க வேண்டும், ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது என்று சொன்னேன். அவர் என் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, டிஷ்ஷா?"

"இல்லைங்க. ஆராய்ச்சிக்கு."

"அல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. கேபிள்காரன் கண்ணுல பட்டா ஒங்களோட சேத்து என்னையும் பேஜார் பண்ணிடுவான். ஐ.டி. கார்டு கீதா?"

கொடுத்தேன். கார்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அது அவருக்கு உறுத்தியது. ஆனாலும் வேலையைச் சுத்தமாகச் செய்தார். மூன்று பக்கமும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

நான் பிறவியிலேயே அப்படி. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் தூங்கினால், தூங்குவதுபோல் நடிக்கிறார் என்று பையை மடிக்கு இழுத்துக்கொள்வேன். கேஸ் சிலிண்டர் வந்தால் சீலைப் பார்த்துவிட்டு, தூக்கியும் பார்ப்பேன். "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி" என்பது அம்மாவின் அன்றாட வசனம். இந்தக் குணம் வீட்டுக்கு ஆகாவிட்டாலும் அறிவியலுக்கு ஆகும் என்று நினைத்துத்தான் நான் அந்த வேலைக்குப் போனேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். தாம்பரத்தில் வீடு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், அதில் நான் திட்ட உதவியாளர். செயற்கைக்கோள் நுண்ணலை அனுப்பி எடுக்கிற படங்களை வைத்துக்கொண்டு, எந்த வயலில் நெல் இருக்கிறது, எப்படி வளர்கிறது என்று சொல்வதுதான் திட்டம். சாதாரண கேமராப் படம் என்றால் மேகம் மறைத்துவிடும். நம் பக்கத்தில் நெல் வளர்வதே மழைக்காலத்தில்தான்; அப்போது மேலேயிருந்து கேமரா வைத்துப் பார்த்தால் பஞ்சு மூட்டைதான் தெரியும். நுண்ணலைக்கு மேகம் ஒரு பொருட்டில்லை. இருட்டும் பொருட்டில்லை. அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கிப் பதிவு செய்கிறது.

எங்கள் தலைமை விஞ்ஞானிக்குப் பனிக்கட்டிக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். பல வருடம் தென்துருவக் கடல் உறைவதையும் உடைவதையும் இதே நுண்ணலைப் படங்களில் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே பாதி வருடம் இருட்டு, மீதி வருடம் மேகம். வேறு வழியே கிடையாது என்பார். அந்த வித்தையை நெல்லுக்குக் கொண்டுவந்துவிட்டாரே தவிர, மனசு பனியிலேயே இருந்தது. நடவு முடிந்த வயலைக் காட்டி, "புதுசா உறைஞ்ச ஐஸ் மாதிரியே இருக்கு பாரும்மா" என்று கண்கலங்குவார். ஆடாத தண்ணீர் அலையைத் திருப்பி அனுப்பாது, அதனால் படத்தில் கருப்பு. பயிர் எழும்ப எழும்ப அலை திரும்பி வரும், கருப்பு சாம்பலாகும், சாம்பல் வெளுக்கும். எங்கள் படிப்பு மொத்தமும் இந்த மூன்று நிறத்துக்குள் அடங்கியது.

தகரத்தின் வேலை இதுதான். மேலிருந்து வருகிற அலையை அந்த மூலை அப்படியே வந்த வழியில் திருப்பி அனுப்பும். படத்தில் அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களின் வெளுப்பைக் கணக்கிடலாம்.

படப்பையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் ஓர் ஊரில், வயலை ஒட்டியிருந்த களத்துமேட்டில் அதை நிறுத்த ஒரு விவசாயி சம்மதித்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர், எதைக் கேட்டாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டுப் பிறகு என்னவென்று கேட்பவர். "இது அப்டித்தான் மேடம். ஊட்டையே கேட்டாலும் ஆட்டும்" என்றார் அவர் மனைவி. புருஷனை அவர் எப்போதும் 'இது' என்றுதான் சொல்வார்; அதில் அன்பும் இருந்தது, நம்பிக்கையின்மையும் இருந்தது.

ஐப்பசி மழைக்கு நடுவே ஒருநாள் தகரத்தைக் கொண்டுபோய் இறக்கினோம். திசைகாட்டி வைத்துத் திருப்பி, சாய்வு பார்த்து, நான்கு கால்களையும் குழி தோண்டிச் சிமென்ட் போட்டு நிறுத்தினோம். மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் ஓட்டை. களத்துமேட்டில் ஆளுயரத்துக்கு வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. பனிக்கட்டிக்காரர் கைதட்டினார். வாய்க்கால் கரையில் நின்றிருந்த ஏழெட்டுப் பேர் கைதட்டவில்லை.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வருடங்களில் ஒரகடம் பக்கம் ஊர் ஊராகத் தொழிற்சாலைக்கு நிலம் போய்க்கொண்டிருந்தது. அது எப்படிப் போகும் என்று படப்பை டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் ஒரு ஜீப் வரும். கையில் ஏதோ கருவி வைத்துக்கொண்டு ஓர் ஆள் வரப்பில் நின்று இடத்தைக் குறித்துக்கொள்வான். அப்புறம் மண்ணைத் தோண்டி டப்பாவில் எடுத்துப் போவான். அப்புறம் ஒன்றை நட்டுவிட்டுப் போவான். அதற்குப் பிறகு வருவது புல்டோசர். நாங்கள் ஜீப்பில் போனோம், ஜி.பி.எஸ்.ஸை வைத்து இடம் குறித்தோம், ஈரம் எவ்வளவு என்று பார்க்க அலுமினிய டப்பாவில் மண் எடுத்தோம், ஒன்றை நட்டோம். வரிசைகூட மாறவில்லை.

"இது நெல் எப்படி வளருதுன்னு பாக்கறதுக்குங்க" என்று நான் சொன்னேன்.

ஒருவர் நிதானமாகக் கேட்டார். "அத்த ஆகாசத்துலர்ந்து இன்னாத்துக்குமா பாக்கணும்? இங்க வந்து நின்னா தெரியாதா?"

மாவட்டம் முழுக்கப் பார்க்க வேண்டும், விளைச்சலை முன்னாலேயே கணக்கிட வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொள்வது வேறு, நம்புவது வேறு என்று எனக்குத் தெரியாதா? ஆயுள் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது முடிச்சூர் தாண்டியதும் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. "நெல்லுக்குத் தஞ்சாவூர் பக்கம் போகாம, நாம ஏன் சார் படப்பையை எடுத்தோம்?"

"ஜீப்புக்கு டீசல் யார் போடறது?" என்றார் பனிக்கட்டிக்காரர். "கிட்டக்க இருக்கு, அவ்வளவுதான்." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஐஸ்ல இந்தத் தொல்லையே கிடையாதும்மா. அது நம்மைப் பார்த்து யார் நீன்னு கேக்காது" என்றார். டீசல் காரணம் உண்மையாகவே இருக்கலாம். எங்கள் படங்கள் கடைசியில் யாருடைய மேசைக்குப் போகின்றன என்று நான் அப்போது கேட்டிருந்தாலும் அவரிடம் பதில் இருந்திருக்காது.

மழை இருந்தவரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. செயற்கைக்கோள் அந்தப் பக்கம் கடக்கிற நாளன்று விடியற்காலையிலேயே போய்விடுவோம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி, பயிரின் உயரம், தண்ணீரின் ஆழம் எல்லாம் அளப்பேன். சில நாள் கழித்துப் படம் சி.டி.யில் வரும். கருப்பாயிருந்த வயல்கள் சாம்பலாகிக்கொண்டு வந்தன. களத்துமேட்டில் வெள்ளைப் புள்ளி குத்திட்டு நின்றது. பனிக்கட்டிக்காரர் ஸ்வெட்டரோடு கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து ரசித்தார்.

மார்கழியில் மழை நின்றது. அதன் பிறகு வந்த படத்தில் அந்த ஒல்லியான மனிதரின் வயல் மட்டும் மங்கிப் போயிருந்தது. சுற்றிலும் இருந்த வயல்களெல்லாம் வெளுத்துக்கொண்டு வர, நடுவே அந்த ஒரு துண்டு மட்டும் சோர்ந்து கிடந்தது.

"கணக்குல தப்பு இருக்கும், மறுபடி ஓட்டு" என்றார் பனிக்கட்டிக்காரர். ஓட்டினேன். அதேதான். எனக்குக் கணக்கின்மேல் சந்தேகம் வரவில்லை, அந்த மனிதர்மேல்தான் வந்தது. தகரத்தை யாராவது திருப்பி வைத்துவிட்டார்களா, அல்லது திட்டத்தில் ஏதாவது கேட்டுப் பெறலாம் என்று பயிரைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரா? மறுநாளே டிரைவரிடம் ஜீப்பை எடுக்கச் சொன்னேன். கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன்.

தகரம் வைத்தபடியே இருந்தது. அதை ஒட்டிய அவர் வயலில் தண்ணீர் இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் என் விரல் போயிற்று. பயிர் சூல் கட்டுகிற நேரம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வந்தாலும் பதராகத்தான் வரும். வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து வயலில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் பளபளத்தது. நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவர் மனைவி களத்துமேட்டில் நின்றபடி கத்தினார். "பாத்தீங்களா? நல்லா பாருங்க! ஆகாசத்துலர்ந்து தெர்லயா ஒங்களுக்கு? ஒங்க தகரம் வந்ததுலர்ந்து எங்க மடைக்குத் தண்ணி வுட மாட்டேன்றாரு. நெலத்த வித்துட்டான், இனிமே அவனுக்கு இன்னாத்துக்குத் தண்ணின்றாரு."

"யாரு?"

"இதோட அண்ணன்தான். வேற யாரு?"

அவர் கணவருடைய பெரியப்பா மகன். ஏரி மதகைத் திறந்து, வாய்க்கால் வாய்க்காலாக யாருக்கு எப்போது தண்ணீர் என்று விடுகிறவர். அந்தப் பக்கத்தில் நீர்க்கட்டி என்பார்கள். மழை இருந்தவரை அவர் தயவு தேவைப்படவில்லை. இப்போது அவர் மண்வெட்டியால் நாலு பாளம் மண்ணை மடையில் போட்டால், ஒரு குடும்பத்தின் வருடச் சோறு போய்விடும்.

"இத்த எடுத்துகினு போயிடுங்க மேடம்" என்றார் மனைவி.

அந்த ஒல்லியான மனிதர் முதல்முறையாகத் தலையைக் குறுக்கே ஆட்டினார். "இப்ப எடுத்தா, வித்துட்டு மறைக்கிறான்னு சொல்லுவாங்க. வெச்சாலும் வித்துட்டான், எடுத்தாலும் வித்துட்டான். இன்னா பண்றது சொல்லு."

நான் நேரே மதகுக்குப் போனேன். நீர்க்கட்டி அங்கே தனியாக உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய உருவம், சின்னக் குரல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

"ஒங்க வூடு எங்கம்மா கீது?"

"தாம்பரம்."

"ரோட்டு மேலயா, உள்ளயா?"

"உள்ளே. நகர் ஒண்ணு இருக்கு."

"அது முன்ன இன்னாவா இருந்துச்சு?"

எங்கள் தெரு ஒரு காலத்தில் ஓர் ஏரிப் பாசனத்தின் கடைசி வயலாக இருந்தது. மழை பெய்தால் இன்றைக்கும் தண்ணீருக்கு அது ஞாபகம் இருக்கிறது. நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடும். அப்பா வாசற்படியை இரண்டு முறை உயர்த்திக் கட்டினார். "வயலா இருந்தது" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அங்கயும் மொதல்ல ஒரு ஜீப்பு வந்திருக்கும்" என்றார் அவர், காம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன, புல்டோசரா ஓட்டிக்கொண்டு வந்தேன்? ஆனால் கோபத்தைவிட அந்த வெடிப்புதான் கண்ணில் நின்றது. ஊருக்கே படத்தைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தப் புள்ளி எதற்கு, சாம்பல் எதற்கு என்று கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமேது? பனிக்கட்டிக்காரருக்கும் இந்த யோசனை பிடித்துப்போயிற்று. காலண்டர் அளவுக்கு ஒரு படத்தை அச்சடித்து லாமினேட் செய்தோம்.

ஊரார் ஒன்றாகக் கிடைக்கிற இடம் சாயங்காலம் பால் சொசைட்டி. அவரவர் கறந்த பாலைக் கொண்டுவந்து ஊற்ற, லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். தன் பாலைத் தவிர மற்ற எல்லார் பாலிலும் தண்ணீர் இருப்பதாக ஒவ்வொருவரும் நம்புகிற இடம். எனக்கு அந்தக் கொட்டகை பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

கேன்களின்மேல் படத்தை விரித்தோம். கருப்பு என்றால் தண்ணீர், சாம்பல் என்றால் பயிர், வெளுப்பு என்றால் வீடு என்று விளக்கினேன். முதலில் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு ஒருவர் குனிந்து, "இது நம்ம ஏரிடா" என்றார். அவ்வளவுதான், எல்லாத் தலைகளும் படத்தின்மேல். இது கோயில் குளம், இது படப்பை ரோடு, இது மேலத்தெரு. ஒருவர் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்து வீடு தன்னுடையதைவிட வெளுப்பாக இருப்பது ஏன் என்று சண்டைக்கு வந்தார். சிரிப்புச் சத்தம் எழுந்தது. தகரத்தின் புள்ளியைக் காட்டினேன். "இத்தினூண்டுதானா?" என்றார்கள். அந்த ஒல்லியான மனிதர் மூலையில் நின்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

"இது இன்னா மேடம், ஏரிக்குள்ள ஓரமா சாம்பலா ஓடுது?"

கேட்டவர் வயதில் சின்னவர். பக்கத்தில் இருந்தவர் அவர் கையை இடித்ததை நான் பார்த்தேன், எதற்கென்று யோசிக்கவில்லை. சொல்லித்தரும் உற்சாகத்தில் இருந்தேன். "அதுவும் பயிர்தான். தண்ணியா இருந்தா கருப்பா இருக்கணுமே. ஏரிக்குள்ளயே யாரோ நெல் போட்டிருக்காங்க. எவ்வளவு இடம்னுகூடச் சொல்லிடலாம்."

கொட்டகையில் சத்தம் நின்றது. படம் அவர்களை மலைக்க வைத்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

"இது எப்ப புடிச்சது?" என்று நீர்க்கட்டி கேட்டார். அதுவரை அவர் தூணோரம்தான் நின்றிருந்தார்.

"கார்த்திகையில."

"அப்ப மழ வுடாம ஊத்திச்சே. மூஞ்சிக்கு நேரா கீறவனே தெர்ல."

"அதாங்க இதோட சிறப்பே. மழை பெய்ஞ்சாலும் தெரியும், மேகம் இருந்தாலும் தெரியும்."

"இருட்டுனா?"

"இருட்டும் ஒண்ணுதான்."

"அப்ப எப்போ பாக்கும்னு தெரியாது."

"தெரியுமே, எங்ககிட்ட அட்டவணை இருக்கு."

"ஒங்களுக்குத் தெரியும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரவர் கேன்களை எடுத்துக்கொண்டார்கள். லாமினேட் செய்த படத்தை அங்கேயே மாட்டிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை படப்பை பி.சி.ஓ.விலிருந்து அந்த ஒல்லியான மனிதர் போன் செய்தார். "தண்ணி வந்துச்சு மேடம். மடை பூரா தொறந்து வுட்டுட்டாரு. பயிரு நிமிந்துகினு கீது." எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தியா?" என்றார் பனிக்கட்டிக்காரர். "டேட்டாவைக் காட்டினா ஜனங்க புரிஞ்சுப்பாங்க." அடுத்த படத்தில் அந்த வயல் மற்றவற்றை எட்டிப் பிடித்தது. அவர் அதை ஒரு கருத்தரங்கில் காட்டிக் கைதட்டலும் வாங்கினார். நான் வீட்டில் அம்மாவிடம் பெருமையடித்தேன். சந்தேகப் பிராணியான நானே ஓர் ஊரின் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டேன் என்றேன். அம்மா, "எனக்கென்னமோ நம்பிக்கை இல்லை" என்றாள்.

அதன் பிறகு போனபோது சில மாறுதல்கள் தெரிந்தன. வரப்பில் எதிரே வருகிறவர்கள் எங்களைக் கண்டால் சேற்றில் இறங்கி வழிவிட்டார்கள். முன்பெல்லாம் ஆயிரம் கேள்வி கேட்டவர்கள் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் "ஆமாம் மேடம்" என்றார்கள். அந்தப் பக்கம் வயதானவர்கள்கூட எழுந்து நின்றார்கள். ஓர் ஊர் முழுக்க ஒருவரை நம்பினால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். எனக்கு அந்த அனுபவம் கிடையாது, அதனால் சரிபார்க்க வழியில்லை.

அந்த ஒல்லியான மனிதரின் மனைவிதான் புரிய வைத்தார். வயலில் தேவைக்கு மேலே தண்ணீர் நின்றது. ஏன் இவ்வளவு என்று கேட்டேன்.

"கேக்காமயே வுடறாரு. பக்கத்து ஆளு மொறையக்கூட இதுக்கு வுடறாரு. முன்னல்லாம் இது போய்க் கேக்கணும். அவரு ரெண்டு திட்டு திட்டிட்டு, ஊட்டுக்கு வந்து மோரு குடிச்சுட்டுப் போயி வுடுவாரு. இப்ப திட்றதும் இல்ல, வர்றதும் இல்ல." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஏரிக்குள்ள, பொறம்போக்குல கீற பயிரு இன்னார்துன்னு நெனச்சீங்க? பாதி அவருது. மீதி ஊர்ல பாதிப் பேருது. இது ஒங்களக் கூட்டியாந்து காட்டிக் குடுத்துடுச்சுன்னு நெனைக்கிறாங்க."

கால் சேற்றில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. நாங்கள் அந்தப் படத்தில் காட்ட வந்தது ஒரு புள்ளி. அவர்கள் பார்த்தது தங்களையே.

மாசியில் அறுவடை முடிந்ததும் தகரத்தைக் கழற்றி எடுத்துவர நானும் பனிக்கட்டிக்காரரும் போனோம். களத்துமேட்டில் நெல் குவிந்திருந்தது. நல்ல விளைச்சல். அறுப்புக்கு உள்ளூரிலிருந்து ஒருவரும் வரவில்லை. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவந்திருந்தார்கள். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை தனியாகக் கட்டி வைத்திருந்தது. அது நீர்க்கட்டியின் பங்கு என்றார் மனைவி. தண்ணீர் விட்டவருக்கு ஒவ்வொரு களத்திலும் நெல் அளப்பது அந்த ஊர் வழக்கம். அவரே களத்துக்கு வந்து, நின்று, வாங்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அவமதித்ததாக ஆகிவிடும். மற்ற களங்களிலெல்லாம் வாங்கிவிட்டார். இந்தக் களத்தில் மட்டும் கால் வைக்கவில்லை.

பனிக்கட்டிக்காரர் ஸ்பானரை எடுத்தார். அந்த ஒல்லியான மனிதர் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"எடுக்காதீங்க சார். இருக்கட்டும்."

"என்னங்க, இதால உங்களுக்குத் தொல்லைதானே?" என்றார் பனிக்கட்டிக்காரர்.

"இது நிக்கிற வரைக்கும் எனக்குத் தண்ணி வரும். போச்சுன்னா அடுத்த வருசம் மண்ணள்ளிப் போட்டுருவாங்க."

"எடுங்க சார்" என்றார் மனைவி. "இன்னிக்கே எடுங்க. தகரம் நின்னா மாமா களத்துல ஏற மாட்டாரு. தண்ணிய வெச்சுகினு தனியா பொழைக்க முடியுமா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா?"

இருவரும் எங்கள் எதிரிலேயே சண்டை போட்டார்கள். பனியிலும் கடலிலும் எத்தனையோ பார்த்தவர் ஸ்பானரோடு என்னைப் பார்த்தார். அப்போது வாய்க்கால் கரையில் நீர்க்கட்டி வந்துகொண்டிருந்தார், தோளில் மண்வெட்டியோடு. மனைவி ஓடிப்போய்க் களத்தின் விளிம்பில் நின்று கூப்பிட்டார்.

"மாமா, ஒங்க நெல்லு எடுத்து வெச்சிருக்கேன். வந்து வாங்கிக்குங்க மாமா."

அவர் நின்றார். "அது பாத்துகினு கீறப்ப நான் எப்டிமா வர்றது?"

நான் ஸ்பானரை வாங்கிக்கொண்டேன். அந்த மனிதர் என்னைத் தடுக்கவில்லை; அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டுகளைக் கழற்றி, டிரைவரையும் சேர்த்து மூன்று பேருமாக இறக்கி, தகரத்தை வாய் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தோம். நீர்க்கட்டி கடைசிவரை பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"கீழ கீறத எடுத்துட்டீங்க. மேல கீறத?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். இனிமேல் இந்தப் பக்கம் பார்க்காது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்க மாட்டார், அவர் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "அது மேலதாங்க இருக்கும்" என்றேன்.

தலையை ஆட்டினார். நான் அந்த ஊருக்கு வந்ததிலிருந்து சொன்னவற்றில் அந்த ஒன்றை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார் என்று தோன்றியது. கரையோடு திரும்பி நடந்தார். "அண்ணா" என்று அந்த ஒல்லியான மனிதர் ஒரு தடவைதான் கூப்பிட்டார்.

பிறகு அவர் போய் அந்தத் தனி மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் ஜீப்பின் பின்புறம் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஐயோ, என்னங்க இது, வேண்டாம்" என்றார் பனிக்கட்டிக்காரர்.

"வேணாம்னு சொல்லக் கூடாது சார், களத்து நெல்லு." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்த வருசம் எனக்குத் தண்ணி வுட்டது அவரு இல்ல, நீங்க. வுட்டவங்களுக்குத்தான் நெல்லு."

மனைவியைப் பார்த்தேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு களத்தைக் கூட்ட ஆரம்பித்திருந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிடலாமா என்று நினைத்தேன், அதற்கும் கை வரவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டி ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் நீர்க்கட்டி முன்னால் நடந்துகொண்டிருந்தார். எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் ரோட்டை விட்டு இறங்கி, மண்வெட்டியைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஜீப்புக்குப் பின்புறம் மூடி கிடையாது. நாங்கள் அவரைத் தாண்டியதும், தகரத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் நெல்லை அவர் பார்த்தார்.